ஆம்ப்ளிபயருக்கு இரண்டு விசிறி

ஏப்ரல் 14

இன்று சித்திரை முதல் நாள். பாயசம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. தினமும் நடப்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வக்கீல் பொண்ணு நிறைமதி சொல்லியிருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி தனபாக்கியம் எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். தன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

(பாயசம் அடிப்பிடிக்கவில்லை. — தனபாக்கியம்)

"எல்லாம் எனக்கு நினைவில் இருக்கும் கண்ணு, நோட்டு எதுக்கு?" என்று வக்கீலிடம் கேட்டேன். "உங்க நினைவைத் தூக்கிட்டுப் போய் கோர்ட்டுல வைக்க முடியாதுங்க தாத்தா" என்றது.

விஷயம் இதுதான். எங்கள் அத்திமேட்டில் ஒரு கல்குவாரி ஏற்கெனவே இருக்கிறது. அது வந்ததில் எங்கள் கிணறு போனது, வடக்குச் சுவர் விரிந்தது. இப்போது ஏரியை ஒட்டின பாறைக் கரட்டில் இரண்டாவது குவாரி கேட்கிறார்கள். ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று கிராமசபையில் தீர்மானம் போட்டுவிட்டால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. போன ஜனவரி கூட்டம் நடந்ததே யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கியபோது ஒரு நோட்டில் கைநாட்டு வைத்தோமே, அதுதான் கூட்டத்துக்கு வந்ததற்கு அத்தாட்சியாம். என் கட்டைவிரலும் அதில் இருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அடுத்த கூட்டம் மே ஒன்று. அதையும் ஓசையில்லாமல் முடிக்கப் பார்க்கிறார் ஊராட்சித் தலைவர் கனகசபை. நூறு பேர் நேரில் வந்து உட்கார்ந்து எதிர்த்தால்தான் நிற்கும். ஊரைக் கூப்பிட மைக் செட் வேண்டும். பெரம்பலூர் வரைக்கும் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒருத்தரும் வரமாட்டேன் என்கிறார்கள். குவாரிக்காரர் சொல்லிவைத்திருக்கிறார்.

என்னிடம் ஆம்னி கார் இருக்கிறது. கூரையில் ஒலிபெருக்கிக் குழாய் இரண்டு. பின்சீட்டுக்கு அடியில் பலகைப் பெட்டி, பெட்டிக்குள் கார் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிபயர். சுற்றுவட்டாரத்தில் யார் தவறிப்போனாலும் ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவன் நான்தான். இதையும் நானே சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 15

காலையில் அத்திமேட்டு நடுத்தெருவில் ஆரம்பித்தேன். மேலத்தெரு திரும்புவதற்குள் குழாய் ஊமையாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு. புறங்கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதிக்கிறது. சூடு தாங்காவிட்டால் அது தானாக நின்றுவிடும். ஆறினால் தானாக வரும். அது வரைக்கும் வேப்பமர நிழலில் நின்றேன்.

துக்கச் செய்தி என்றால் தெருவுக்கு ஒரு முறை சொன்னால் போதும். இதற்கு மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அதான் சூடு. குவாரித் தூசி உள்ளே போகக்கூடாது என்று பெட்டியை நாலு பக்கமும் அடைத்து வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு காரணம்.

சாயங்காலம் ஆட்டுக்கு அகத்திக்கீரை வெட்டிப் போட்டேன்.

ஏப்ரல் 16

டவுனில் பழைய இரும்புக் கடையில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன விசிறி இரண்டு வாங்கினேன். பெட்டியில் ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. இரண்டும் ஆம்ப்ளிபயரைப் பார்த்து ஊதுகிற மாதிரி மாட்டினேன். இரண்டு பக்கமும் காற்று வாங்கினால் ஜில்லென்று இருக்க வேண்டியதுதானே.

ஏப்ரல் 17

முன்னைவிட சீக்கிரம் நிற்கிறது. விசிறி மட்டம்.

பாக்கியம் வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் ஊதுறீங்களே, உள்ள இருக்கிற அனல் எந்த வழியா போகும்? புகைபோக்கி இல்லாத அடுப்படியில நாலு நாள் நீங்க சமைச்சிருந்தா தெரியும்" என்றாள்.

அடுப்பு வேறு, கரண்டு வேறு என்றேன்.

"ஆமா, வேறதான். அடுப்பு வேலை செய்யுது" என்றாள்.

ஏப்ரல் 18

ஒரு விசிறி திரும்பியிருக்கிறது. ஒன்று காற்றை உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே தள்ளுகிறது. நானே இப்படி மாற்றலாம் என்றுதான் இருந்தேன்.

(திருப்பியது நான். இழுக்கிற பக்கம் தூசிக்குப் பழைய சேலைத் துணி கட்டியதும் நான். — தனபாக்கியம்)

ஏப்ரல் 19

இன்று அத்திமேடு முழுக்கவும், பக்கத்துக் குக்கிராமம் கொட்டாரமும் சுற்றி வந்தாயிற்று. நடு மத்தியானம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தள்ளுகிற விசிறியின் வாயில் கையை வைத்தால் அனல் வருகிறது, ஆம்ப்ளிபயர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்கிறேன், எழுதுகிறாள்.

நான் சொல்வது இது, ஒரு எழுத்து மாறாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்: "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நமது ஊராட்சித் தலைவர் உயர்திரு கனகசபை அவர்கள், வருகிற மே ஒன்றாம் தேதி காலை பள்ளிக்கூடத்தில் நடக்க இருக்கும் கிராமசபையைப் பற்றி ஊருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாத காரணத்தினால், பொதுமக்களாகிய நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்."

வருத்தம் எதற்கு என்று பாக்கியம் கேட்டாள். எனக்கு வருத்தம்தானே.

ஆனால் ஒன்று கவனித்தேன். என் குரல் கேட்டதும் எல்லா வீட்டிலிருந்தும் வாசலுக்கு ஓடிவருகிறார்கள். "யாருங்க தாத்தா, யாரு?" என்று கேட்கிறார்கள். யாரும் சாகவில்லை, கிராமசபை என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுகிறார்கள். கொட்டாரத்தில் ஒருத்தி, "இதுக்குத்தானா? உலையை இறக்கி வச்சுட்டு வந்தேன்" என்று என்னையே திட்டினாள். சாவுக்கு ஒரு வீடு பாக்கியில்லாமல் வருகிற ஜனம், இதற்கு வாசலைத் தாண்டவில்லை.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் தலைவரின் கார் குறுக்கே நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மருதமுத்து, பொணம் விழுந்தாத்தானே உனக்குப் பொழப்பு? உயிரோட இருக்கிறவங்க சங்கதி உனக்கெதுக்கு?"

"உயிரோட இருக்கிறவங்க ஏரி தலைவரே, அதான்."

"வயசாயிருச்சு, வெயில்ல சுத்தாதே. மயங்கி விழுந்தா உனக்குச் சொல்ல ஊர்ல வேற மைக் இல்ல."

இவருடைய அப்பாவையும் எனக்குத் தெரியும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஏரி உடையப் பார்த்தபோது மடையில் ராத்திரி பகலாக மணல் மூட்டை சுமந்தவர். பச்சைக் கரை வேட்டி, இடது தோளில் மூட்டை. அந்த ஏரிக்கு இவர் குழி பறிக்கிறார். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. வண்டியை வரப்பில் இறக்கி, அவர் காரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடா.

ஏப்ரல் 21

இன்று பள்ளக்காடு. மூன்று தெரு. எங்கள் ஊராட்சியிலேயே தொலைவில் இருப்பது.

முதல் தெருவில், "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நமது ஊராட்சித் தலைவர் உயர்திரு கனகசபை அவர்கள்" என்று சொல்லும்போது குழாய் நின்றுவிட்டது. சூடு. இரண்டாம் தெருவிலும் அதே இடத்தில் நின்றது. சூடு. மூன்றாம் தெருவிலும் அங்கேயே. கடும் வெயில்.

வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

(இவர் வந்ததும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. வேறொன்றும் எழுதவில்லை. — தனபாக்கியம்)

ஏப்ரல் 22

காலையில் டீக்கடையில் கேள்விப்பட்டது.

நேற்று மாலை பள்ளக்காட்டு அம்மாசி தலைமையில் ஒரு கூட்டம் தலைவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. கையில் ரோஜா மாலை, கூடவே இரண்டு தப்பு மேளம். பெண்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்களாம். தலைவர் லுங்கியோடு ஊஞ்சலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாராம். அம்மாசி மாலையைக் கீழே வைக்கவும் முடியாமல், போடவும் முடியாமல், "கொண்டாந்தது கொண்டாந்துட்டோம், போட்டுக்குங்க தலைவரே" என்றானாம். தலைவர் கையிலிருந்த முறுக்குத் தட்டு பறந்ததாம்.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் கார் பிடித்து அழுதுகொண்டே வந்துவிட்டதாம். கட்சிக்காரர் ஒருவர் இரங்கல் போஸ்டருக்கு அச்சகத்தில் சொல்லிவிட்டாராம்.

அந்தப் பெண் அழுதது எனக்குச் சங்கடம்தான். மற்றதெல்லாம் சூடு செய்த வேலை.

ஏப்ரல் 23

தலைவர் போலீசில் மனு கொடுத்திருக்கிறார். உயிரோடு இருப்பவரை இறந்ததாக அறிவித்து ஊரில் பதற்றம் உண்டாக்கினேனாம். சனிக்கிழமை வண்டியோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். குற்றம் என்று பட்டால் வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னது.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. மத்தியானம் ஒரு ஆட்டோ, நாலு குழாய் கட்டிக்கொண்டு வந்தது. டவுன் மைக் செட். எனக்கு வரமாட்டேன் என்றவனேதான். உள்ளே உட்கார்ந்து தலைவரே பேசுகிறார்:

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் கனகசபை பேசுகிறேன். நான் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறேன். விஷமிகளின் வதந்தியை நம்ப வேண்டாம். சந்தேகம் உள்ளவர்கள் மே ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கிராமசபைக்கு வந்து என்னை நேரில் பார்க்கலாம்!"

அத்திமேடு, கொட்டாரம், பள்ளக்காடு, ஒரு சந்து விடவில்லை. எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி இரண்டு தரம் சொன்னார். பாக்கியம் முறத்தை வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டாள். ஆட்டோ போன பிறகு, "நல்லா சத்தமா கேட்குது. அவங்களுது சூடாகறதில்ல போல" என்றாள்.

குட்டிகளை வெயிலில் விட்டேன்.

ஏப்ரல் 25

சனிக்கிழமை. ஸ்டேஷன்.

காலையில் நான் குளிக்கும்போது பாக்கியம் காரைத் துடைத்தாள். என்றைக்கும் துடைக்காதவள்.

எஸ்.ஐ. சின்ன வயசு, முகத்தில் சிரிப்பே இல்லாதவர். தலைவர் அவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் பொண்ணும், கூட வந்த பாக்கியமும் என் பக்கம் நின்றார்கள்.

"வேணும்னுதான் நிறுத்தினியா பெரியவரே?"

"சூடுங்க ஐயா. சூடு ஏறினா அதுவா நின்னுரும்."

"மூணு தெருவிலயும் ஒரே வார்த்தையிலயா?"

"நான் ஒரே சீரா சொல்றவனுங்க. பழகின வாய்."

தலைவர் எழுந்துவிட்டார். "புளுகுறான் சார்! புதுசா விசிறி போட்டிருக்கான், ஊருக்கே தெரியும். சும்மா நிக்கவே நிக்காது."

எஸ்.ஐ. வெளியே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். விசிறி இருந்தது. மூடினார். "சரி. அன்னைக்கு நின்னதுன்னா இன்னைக்கும் நிக்கணும். வண்டியை வெயில்ல போடு. அன்னைக்குப் பேசினதையே பேசு. நின்னா நீ வீட்டுக்குப் போகலாம். நிக்கலேன்னா வண்டி இங்க இருக்கும்."

ஒரு நடு மத்தியானம் முழுக்க ஓடியும் வெதுவெதுப்பைத் தாண்டாத ஆம்ப்ளிபயர். வண்டி இங்கே நின்றுவிட்டால் மே ஒன்றாம் தேதி கூட்டத்தில் அவர்கள் மைக் மட்டும்தான். அவர்கள் கொடுத்தால்தான் நாங்கள் பேச முடியும். பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை எடுத்தேன். அந்த இடம் நாலு ரோடு சேரும் முக்கு. பஸ் ஸ்டாப், பேக்கரி, பூக்கடை. "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்றதும் பூக்கடைக்காரி கையை நிறுத்திவிட்டாள். இன்று நிற்கவில்லை, முழுவதும் போனது. ஊராட்சித் தலைவர் உயர்திரு கனகசபை கிராமசபையைப் பற்றி ஊருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது முக்கு முழுக்கக் கேட்டது.

"இன்னொரு தரம்" என்றார் எஸ்.ஐ.

இன்னொரு தரம் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். பேக்கரியில் யாரோ, "யாருய்யா அந்தத் தலைவர்?" என்று கேட்டார். வேறொருவர் விரலைக் காட்டினார். தலைவர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சார், போதும் சார். இதை எதுக்கு இங்க..."

"நீங்கதானே நிக்காதுன்னீங்க? நிக்குதா பார்த்துரலாம். பெரியவரே, நிறுத்தாம சொல்லு."

விடாமல் சொன்னேன். தொண்டை காய்ந்தது, பேக்கரிக்காரர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். ஒவ்வொரு தரமும் குரல் இன்னும் தெளிவாக வந்தது. கடைசியில், "சொல்லாத காரணத்தினால்" என்னும்போது குழாய் பட்டென்று நின்றது.

எஸ்.ஐ. பெட்டியைத் திறந்தார். சிவப்பு விளக்கு. தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "ஆமா, கொதிக்குது. மனுவை முடிச்சுக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இரண்டு விசிறியும் ஆம்ப்ளிபயரைப் பார்த்து ஊதுகிற மாதிரி, முதலில் நான் மாட்டினபடியே, மாட்டியிருந்தது. வெளியே அனல் போக வழியில்லை. அவள் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஏப்ரல் 26

நோட்டைக் கேட்டு வக்கீல் பொண்ணு வந்தது. நோட்டில் மோர் கொட்டிவிட்டது என்றேன். என்னையும் பாக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிங்க தாத்தா, அப்படியே காயட்டும்" என்று சொல்லிப் போய்விட்டது.

இனி இது எங்கள் இருவருக்கு மட்டும்தான். அதற்காக நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பள்ளக்காட்டில் நின்றது சூட்டினால்.

ஏப்ரல் 29

விசிறியை அவள் சொன்னபடி திருப்பினேன். நானே திருப்பினேன்.

(பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். — தனபாக்கியம்)

மே 1

பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க இடமில்லை. நூறு பேருக்கு ஏங்கினோம், அதைப்போல் சில மடங்கு கூட்டம் வந்திருந்தது. பாதிப் பேர் தலைவரைப் பார்க்க வந்தவர்கள். அம்மாசி முன்வரிசையில் உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா தலைவரே? அன்னைக்குச் சரியா பார்க்க முடியல" என்று கேட்க, கூட்டம் முழுக்கச் சிரிப்பு. வந்தவர்களைப் போகவிடாமல் பிடித்து உட்காரவைப்பது வக்கீல் பொண்ணின் வேலை. அதைச் சரியாகச் செய்தது.

ஊராட்சிச் செயலர் தீர்மானங்களைச் சோளம் பொரிகிற வேகத்தில் படித்தார். குவாரி என்ற வார்த்தை எங்கேயோ வந்து போனது. "அதை நிறுத்திப் படிங்க" என்று நிறைமதி எழுந்தது. பின்னாலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கரண்டு போனது. எதிரே டீக்கடையில் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"கரண்டு இல்ல. மைக் இல்லாம கூட்டம் நடத்த முடியாது. ஒத்திவைக்கிறேன்" என்றார் தலைவர்.

நான் ஆம்னியைப் பின்னுக்கு எடுத்து மதில் ஓரம் நிறுத்தி, மைக் ஒயரை மதிலுக்கு மேலே வீசினேன். அம்மாசி பிடித்துக்கொண்டான்.

"கரண்டு நம்ம வண்டியில இருக்குங்க தலைவரே. நீங்க நடத்துங்க" என்றேன்.

யூனியன் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி தலைவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பெரிதாக இருந்தது. "நடக்கட்டும்" என்றார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். கொட்டாரத்தில் என்னைத் திட்டின அதே பெண், வெடி வைக்கும்போது தொட்டிலில் பிள்ளை தூக்கிவாரிப் போடுவதைச் சொன்னாள். ஒருவர் கிணற்றைச் சொன்னார். ஒரு கிழவர் மைக்கைப் பிடித்து ஒன்றுமே பேசாமல் அழுதுவிட்டுக் கொடுத்தார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு கையை ஆம்ப்ளிபயர் மேல் வைத்திருந்தேன். வெயில் கூரையைக் காய்ச்சியது. பாக்கியம் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து கூரையில் விரித்தாள். "நீங்க இறங்கி நிழல்ல நில்லுங்க, மூஞ்சி செவந்து கெடக்கு" என்றாள். விசிறி ஓடுகிறதா பார் என்றேன். "அது ஓடுது, உங்களுக்குத்தான் ஒண்ணும் ஓடலை" என்று சொல்லி, தலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள்.

கடைசியில் தலைவரும் மைக்கைக் கேட்டார். கொடுத்தார்கள். குவாரி வந்தால் வேலை வரும், ரோடு வரும் என்று பேசினார். ஊர் கத்தியது, அதற்கு மேல் கத்திப் பேசினார். ஆம்ப்ளிபயர் நன்றாகவே சுட ஆரம்பித்திருந்தது. சுவிட்ச் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தொடவில்லை. பேசட்டும் என்று விட்டேன். அவர் பேசினது ஒவ்வொன்றும் எல்லோர் காதிலும் விழ வேண்டும்.

கை தூக்கச் சொன்னார் அதிகாரி. குவாரி வேண்டும் என்றதற்குத் தலைவரைச் சுற்றி இருந்தவர்கள் தூக்கினார்கள். வேண்டாம் என்றதற்கு மற்ற எல்லோரும். நானும் வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

"ஆபீசுக்குப் போய் எழுதிக்கிறேன்" என்று செயலர் நோட்டை மூடினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இங்கேயே எழுது, எழுதுவதைப் படி என்றார்கள். அவர் குரல் எழும்பவில்லை. "எட்டாவது படிச்சிருக்கேன், நான் படிக்கிறேன்" என்று பாக்கியம் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் எழுத எழுத ஒவ்வொரு வரியாக மைக்கில் படித்தாள். ஐம்பது வருஷமாகக் கேட்கிற குரல். குழாயில் கேட்டபோது யாரோ என்று நினைத்தேன். "இரண்டாவது கல்குவாரிக்கு இந்தக் கிராமசபை ஒருமனதாக" என்று படித்துவிட்டு நிறுத்தினாள். எனக்குத் திக்கென்றது, விளக்கைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. அவள்தான் நிறுத்தியிருக்கிறாள். செயலரைப் பார்த்து, "ஒருமனதா இல்லீங்களே, தலைவர் ஆளுங்க கை தூக்கினாங்களே. உள்ளதை உள்ளபடி எழுதுங்க, நாளைக்கு இதைச் சொல்லியே தீர்மானத்தைத் தள்ளிருவாங்க" என்றாள். பெரும்பான்மையாக என்று திருத்தினார். "பெரும்பான்மையாக எதிர்ப்புத் தெரிவிக்கிறது" என்று அவள் படித்து முடித்ததும் எழுந்த சத்தத்துக்கு ஆம்ப்ளிபயர் தேவைப்படவில்லை.

போகும்போது தலைவர் வண்டி ஜன்னலில் குனிந்தார்.

"இன்னைக்கு மட்டும் நிக்கலையே மருதமுத்து?"

"நீங்க பேசுறப்பகூட நிக்கல தலைவரே. அதை நினைச்சுப் பாருங்க" என்றேன்.

காரில் ஏறிப் போய்விட்டார்.

மே 2

காலையில் கரட்டுப் பக்கம் அளவுக்காரர்கள் வந்து கொடிக்கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் போட்டாச்சே என்று கேட்டால், மேலே அப்பீல் போகிறார்களாம், அளந்து வைப்பதில் தப்பில்லையாம்.

சரி, அளக்கட்டும். ஆம்னியை ஏரிக்கரையில், அவர்கள் கண்ணுக்கு நேராக நிறுத்தியிருக்கிறேன். பாக்கியம் சோற்றை அங்கேயே கொண்டுவருகிறாள். நாளை முதல் மைக்கில் பேச இருவர் இருக்கிறோம்.